அம்மாளுக்குப் பின்னால் வந்த கள்ளன்

என் வயதை ஒத்தவர்களே, முதலில் உங்களுக்கு ஒரு புத்திமதி. காய்ச்சல் இல்லை, ஆகவே நோய் வருத்தம் இல்லை என்று இருந்துவிடாதீர்கள். போன மாதம் எனக்கு நியூமோனியா வந்தது. உடம்பு சுடவில்லை. இருமலும் பேருக்குத்தான். சாப்பாடு இறங்கவில்லை, எழும்பி நடக்க மனமில்லை, ஒருநாள் காலையில் தேத்தண்ணிக்குச் சீனிக்குப் பதிலாக உப்பைப் போட்டு மகளுக்குக் கொடுத்துவிட்டேன். அவள் ஒரு மிடறு குடித்துவிட்டு, அம்மாவுக்கு வயதுபோய் அறளை பெயர்ந்துவிட்டது, புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவுகட்டினாள். நல்லவேளையாக மருமகனுக்குப் புத்தி இருந்தது. அவர்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

அங்கே ஒரு டொக்டர்ப் பிள்ளை. என் பேத்தியைவிட நாலைந்து வயது கூட இருக்கும். விரல் நுனியில் ஒரு சின்னக் கவ்வியை மாட்டி, இரத்தத்தில் ஒட்சிசன் குறைவு என்றாள். முதுகில் குழாயை வைத்து, மூச்சை இழுங்கள், விடுங்கள் என்றாள். எக்ஸ்ரே எடுத்துத் திரையில் காட்டினாள். கறுப்பாகத் தெரிய வேண்டிய நுரையீரலின் அடியில் வெள்ளையாக ஒரு திட்டு. காற்று நிற்க வேண்டிய குட்டிக் குட்டிப் பைகளில் சீழும் நீரும் தேங்கி நிற்கின்றன, அதனால்தான் இந்த மூச்சுத் திணறல் என்று பொறுமையாக விளக்கினாள். வயது போனவர்களுக்குக் காய்ச்சல் காட்டாமலும் இது வருமாம். புத்தித் தடுமாற்றம்தான் சிலருக்கு முதல் அடையாளமாம். உப்புத் தேத்தண்ணியின் காரணம் அப்போதுதான் மகளுக்கு விளங்கியது.

குழாயில் என்ன கேட்கிறது என்று கேட்டேன். காதுக்குப் பக்கத்தில் நாலு தலைமயிரைப் பிடித்து விரலால் உரசிப் பாருங்கள் அம்மா, அந்தச் சத்தம்தான் என்றாள். உரசிப் பார்த்தேன். உண்மைதான், நீங்களும் செய்து பாருங்கள். பிறகு நான் சும்மா இராமல், எங்கள் அம்மா குழாயும் இல்லாமல் படமும் இல்லாமல் வெறுங்கண்ணால் இந்த வருத்தத்தைக் கண்டுபிடித்தவ என்றேன். பிள்ளை சிரித்தாள். தடுமாற்றம் இன்னும் தீரவில்லை என்று நினைத்திருப்பாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெருமை அடிக்கிறாள் என்று சொல்வீர்கள். அடிக்கத்தான் போகிறேன். காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு என்றால், குஞ்சுக்குத் தன் காக்கை பொன்காக்கையாக இருக்கக்கூடாதா?

அப்போது எனக்கு ஒன்பது வயது. வாவியின் மேற்கே, படுவான்கரையில், மண்டூருக்குக் கொஞ்சம் வடக்கே எங்கள் ஊர். வேளாண்மை வெட்டிச் சூடடித்து முடிந்த பங்குனி மாதம். வயல்வட்டையெல்லாம் ஒட்டுத்தாள் மட்டும் நிற்கிறது. வெயில் ஏறத் தொடங்கியதும் பள்ளிக்கூடத்தில் சின்னமுத்து, தட்டம்மை என்கிறார்களே, அது தொடங்கியது. அந்த வாங்கில் ஒருத்தி, இந்த வாங்கில் ஒருத்தி என்று எழும்பி, எங்கள் வாங்குக்கும் வந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தவள் நான்தான். இதில் பெருமை ஒன்றும் இல்லை.

சின்னமுத்து என்று நான் எழுதுகிறேன். அந்தக் காலத்தில் வீட்டுக்குள் அந்தச் சொல்லைச் சொன்னால் வாயில் அடி விழும். நோய் என்றும் சொல்லக்கூடாது. அம்மாள் வந்திருக்கிறா, அவ்வளவுதான். விருந்தாளிக்கு மருந்து கொடுத்துத் துரத்துவார்களா? வேலியில் ஆள் போய்வருகிற கடப்படிக்கு மேலே வேப்பங்குழை கட்டிவிடுவார்கள். வெளியாட்கள் உள்ளே வரமாட்டார்கள். உள்ளே இருக்கும் அம்மாள் பிள்ளை வெளியே போகக்கூடாது. மீன் இல்லை, தாளிதம் இல்லை. வாவிக்கரையில் இரண்டு கிழமை மீன் மணக்காத வீட்டை நினைத்துப் பாருங்கள். எங்கள் பூனை கோவித்துக்கொண்டு அடுத்த வளவுக்குக் குடிபோய்விட்டது.

எங்கள் வீட்டில் இந்தக் கட்டு இன்னும் இறுக்கம். காரணம் மாமா. அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். ஊர் அம்மன் கோவிலில் பூசை செய்கிற கப்புகனார் அவர்தான். பக்கத்து வளவில் குடியிருந்தார். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். கலியாணம் முடித்தால் ஆண்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வரவேண்டும். அப்பா அப்படி வந்தவர். வாய் பேசாத மனுசன். ஆகவே எங்கள் வீட்டில் மாமாவின் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அதிலும் அம்மாள் வந்திருக்கிற வீடு என்றால் கேட்கவே வேண்டாம்.

எனக்கு வந்த அம்மாள் நல்ல அம்மாள். வெள்ளை வேட்டியை விரித்து வேப்பிலையைத் தூவி அதில் என்னைக் கிடத்தினார்கள். கடித்தால் நகத்தால் சொறியக்கூடாது, வேப்பங்குழையால் தடவ வேண்டும். இளநீர் கேட்டவுடன் வரும். மாமா காலையும் மாலையும் வந்து திருநீறு போட்டு, தாயே குளிர்ந்துபோ என்று கும்பிட்டுவிட்டுப் போவார். ஆறு அடி உயரமான மனுசன் என் பாயடியில் கைகட்டி நிற்கும்போது எனக்கு இராசாத்தி என்ற நினைப்பு வந்துவிடும். மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை ஒருநாள் விட்டு ஒருநாளாக மூன்று தரம் வார்த்தார்கள். மூன்றாம் தண்ணீரோடு அம்மாள் போய்விட்டா என்று கணக்கு. அதற்குள் இரண்டு வயதுத் தம்பிக்கு உடம்பு சுட்டது.

அவனுக்கும் முகத்தில் தொடங்கி நெஞ்சுக்கு இறங்கி எல்லாம் ஒழுங்காகத்தான் போட்டது. ஐந்தாம் நாள் முதல் தண்ணீர் வார்த்தார்கள். உடம்பு குளிர்ந்தது. மாமா நெற்றியில் கைவைத்துப் பார்த்து, அம்மாள் குளிர்ந்துவிட்டா என்றார். எல்லாருக்கும் மனம் ஆறியது. அடுத்த நாள் விடிய அவன் இளநீரைக் குடிக்கவில்லை. அவனுக்கென்று ஒரு நீல எனாமல் கோப்பை இருந்தது. அதைக் கண்டால் தாவுகிறவன், தலையை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டான். மூச்சு விரைவாக ஓடியது. மூக்கின் இரண்டு பக்கமும் விரிந்து விரிந்து சுருங்கின. மூச்சை விடும்போதெல்லாம் முனகினான்.

மாமா வந்து பார்த்தார். அம்மாள் இறங்கிப் போகிற நேரம் பிள்ளைக்கு மூச்சு வாங்கும், அது அவ புறப்படுகிற அவதி, மூன்றாம் தண்ணீரோடு சரியாகிவிடும் என்றார். கோவில் மனுசன், எத்தனை வீடு பார்த்தவர். அப்பா தலையாட்டினார். அம்மாவும் ஓம் என்றுதான் சொன்னா. ஈரத்துணியை அவன் நெஞ்சில் போட்டுப் போட்டுக் குளிரவைத்தோம். குடிக்கமாட்டேன் என்கிற வாயில் இளநீரைப் புகட்டப் பார்த்தோம். அது மூச்சுக்குழாயில் போயிருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். அன்பு குறைந்ததால் யாரும் அப்படிச் செய்யவில்லை.

எனக்கு வந்து போய்விட்டதால் அவனுக்குப் பக்கத்தில் இருக்க எனக்கு அனுமதி இருந்தது. வேப்பங்குழையால் விசிறுவது என் வேலை. விசிறும்போது ஈரத்துணி விலகியது. விலா எலும்பு முடிகிற இடத்தில், மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம் தோல் உள்வாங்கி ஒரு குழி விழுந்தது. வெளியே விடும்போது குழி மூடியது. காற்றை இழுத்தால் நெஞ்சு புடைக்க வேண்டும் அல்லவா? இவனுக்கு அமுங்கியது. நான் என் சட்டையைத் தூக்கி என் நெஞ்சைப் பார்த்தேன். எனக்கு அப்படி இல்லை.

"அம்மா, தம்பிட நெஞ்சில குழி விழுகுது," என்றேன்.

அம்மா அடுப்படியில் இருந்து வந்தா. துணியை முழுதாக எடுத்தா. சொன்னால் நம்பமாட்டீர்கள், அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தா. வெளியே கஞ்சி பொங்கி அடுப்பில் ஊற்றுகிற சத்தம் கேட்டது, எழும்பவில்லை. பிறகு சொன்னா:

"உனக்கும் இதே அம்மாள்தான் வந்தவ. ஆறாம் நாள் நீ கஞ்சி கேட்ட. உனக்கு இப்பிடிக் குழி விழல்ல. இது வேற என்னவோ."

இதைத்தான் நான் அந்த டொக்டர்ப் பிள்ளைக்குச் சொல்ல நினைத்தேன். அம்மா ஐந்தாம் வகுப்பு. ஆனால் ஒரே வருத்தம் இரண்டு பிள்ளைகளில் எப்படி நடந்தது என்று நாள் நாளாக மனதில் வைத்திருந்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எது பொருந்தவில்லை என்று பிடித்தா. படித்தவர்கள் இதைவிட வேறு என்ன செய்கிறார்கள்?

அம்மா பக்கத்து வளவுக்குப் போய் மாமாவிடம் கேட்டா. இன்னும் இரண்டு தண்ணீர் இருக்கிறது, பொறு என்ற பதில்தான் வந்தது. திரும்பி வந்து கொஞ்ச நேரம் உலாத்தினா. அன்றைக்கு ஊர் மருந்துச்சாலை திறக்கிற நாள். கிழமைக்கு ஒருதரம், அங்கே நோய் பார்த்து மருந்து கொடுக்கிற அப்போதிக்கரி ஐயா துறையடியில் இறங்கிச் சைக்கிளில் எங்கள் தெருவால் போவார். காத்தான்குடி மனுசன். வெள்ளைக் காற்சட்டை, தொப்பி, சட்டைப் பைக்குள் சங்கிலி போட்ட மணிக்கூடு. அம்மா என்னை அனுப்பி அவரை மறிக்கச் சொன்னா. மருந்து வாங்கக்கூடாது என்றுதான் கட்டு, ஒருவர் தெருவில் நின்று பார்க்கக்கூடாது என்று எந்தக் கட்டிலும் இல்லை என்றா. சட்டத்தரணிகளுக்கு வராத யோசனை.

அவர் வந்தார். வேப்பங்குழையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கித் தொப்பியைக் கழற்றினார். உள்ளே கால் வைக்கவில்லை. பிள்ளையின் சட்டையைக் கழற்றி வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். அம்மா கடப்புக்கு உள்ளே, அவர் வெளியே. நடுவில் இரண்டு முழம். அம்மா தம்பியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றா. அவர் தொடவில்லை. குழாயை எடுக்கவில்லை. இடக்கையில் மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு, ஒரு கண் அதில், ஒரு கண் தம்பியின் வயிற்றில் வைத்து, உதடு அசைய எண்ணினார். ஒரு நிமிடம் முழுதாக எண்ணினார். பிறகு இன்னொரு நிமிடம். இரண்டு தரமும் அறுபதைத் தாண்டியது. அந்த வயதுப் பிள்ளைக்கு நாற்பதைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்று இப்போது தாய்மாருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அப்போது அதைச் சொல்ல எங்கள் ஊருக்கு அந்த ஒரு மனுசன்தான் இருந்தார்.

அதற்குள் யாரோ சொல்லி மாமா வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் மாமியும், அக்கம்பக்கத்துப் பெண்களும். அம்மாள் இருக்கிற வீட்டுப் பிள்ளையைக் கடப்படியில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாளே என்று மாமாவின் முகம் கறுத்துப்போயிருந்தது. அப்போதிக்கரி ஐயா அவரோடு வாதாடவில்லை. அம்மாவைப் பார்த்துத்தான் பேசினார், ஆனால் மாமாவுக்குக் கேட்கிற மாதிரி.

"தங்கச்சி, அம்மாள் வந்தா, இருந்தா, குளிர்ந்து போயிட்டா. நான் அவவப் பத்தி ஒண்டும் சொல்லல்ல. அவ போன கடப்பு திறந்து கிடந்திச்சி. அதால ஒரு கள்ளன் உள்ளுக்குப் பூந்திட்டான். நெஞ்சுக்குள்ள இரிக்கிறவன் அவன்தான். அவனுக்கு வேப்பிலை தெரியாது. ஊசிதான் தெரியும்."

அறுபது வருசத்துக்குப் பிறகும் அந்தப் பேச்சை நினைத்து வியக்கிறேன். சின்னமுத்து உடம்பைக் களைக்கவைத்துவிட்டுப் போகும். அந்தக் களைப்பில் வேறொரு கிருமி நுரையீரலில் புகுந்துகொள்ளும். இப்போது டொக்டர்மாரும் இதையேதான் சொல்கிறார்கள். அவர் அதை எங்கள் ஊருக்கு விளங்குகிற மாதிரி, ஒருவர் மனமும் நோகாமல், வேலிக்கு வெளியே நின்று சொன்னார். ஆஸ்பத்திரிக்கு ஒரு துண்டும் எழுதி வேப்பங்குழைக்குக் கீழே நீட்டினார். இண்டைக்கே போகவேணும், நாளைக்கு எண்டு வையாதீங்க என்று சொல்லிவிட்டு, மருந்துச்சாலையில் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று சைக்கிளில் ஏறினார்.

மாமா நம்பவில்லை. மூன்றாம் தண்ணீர் வார்க்காத பிள்ளையை வாவி கடத்தினால் ஊருக்கே ஆகாது, அம்மாளின் கோபம் எல்லாப் பிள்ளைகளிலும் விழும் என்று நம்பினார். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவருக்கு ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் கணக்கு. அம்மாவுக்குக் கையில் இருந்தது ஒரு பிள்ளை.

"இந்தக் கடப்பத் தாண்டினா, எனக்குக் கூடப்பிறந்தவ எண்டு ஒருத்தி இல்ல," என்றார் மாமா.

அம்மாவுக்கு அண்ணன் என்றால் உயிர். தாய் தகப்பன் இல்லாமல் அவர் தூக்கி வளர்த்த பிள்ளை அவ. எங்கள் வீட்டில் முதல் பிடி நெல்லும் முதல் மீனும் அந்த வளவுக்குத்தான் போகும். அம்மாவின் கண்ணில் தண்ணீர் ஓடியது, ஆனால் குரல் உடையவில்லை.

"அண்ணன், நான் அம்மாளோட கோவிச்சுக்கொண்டு போகல்ல. அவ தந்த புள்ளயக் கொண்டுபோறன்."

தாண்டினா. குழைக்குக் கீழே குனிந்து, தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு, மாற்றுச் சேலைகூட எடுக்காமல் தாண்டினா. நான் பின்னால் ஓடினேன். எங்களுக்குத் தோணி தள்ள ஆர் வரப்போகிறார்கள் என்று எனக்குப் பயம். துறையடியில் பார்த்தால், எங்கள் அப்பா தோணியை அவிழ்த்துவிட்டுக் கம்போடு நிற்கிறார். எப்போது வளவை விட்டுப் போனார் என்று ஒருவரும் காணவில்லை. மச்சானை எதிர்த்து ஒரு சொல் பேசமாட்டார், பேசவும் இல்லை. கம்பை ஊன்றினார். பேசாத மனுசன் என்று அவரை இளக்காரமாக நினைத்தவர்கள் அந்தத் தள்ளலைப் பார்த்திருக்க வேண்டும்.

வெயில் உச்சி. வாவி பாதரசமாய்க் கிடந்தது. அம்மா தம்பியைப் படுக்கவிடவில்லை. நெஞ்சில் சாய்த்து நிமிர்த்தி வைத்தால் குழி கொஞ்சம் குறைகிறது என்று தானே கண்டுபிடித்து, கிழக்கே எழுவான்கரை போய்ச் சேரும்வரை அப்படியே அசையாமல் இருந்தா. அக்கரையில் பஸ். பஸ்ஸில் ஒரு பெண், தம்பியின் உடம்பில் தடிப்பைக் கண்டதும் இடம் மாறி இருந்தாள். அம்மா கவனிக்கவில்லை. விரலால் என் தொடையில் தட்டித் தட்டி மூச்சை எண்ணிக்கொண்டு வந்தா. மணிக்கூடு இல்லாமல் எதற்கு எண்ணுகிறா என்று கேட்டேன். என்ட மூச்சு ஒண்டுக்கு அவன்ட மூச்சு எத்தின எண்டு எண்ணுறன் என்றா.

பெரியாஸ்பத்திரியில் துண்டைப் பார்த்தவுடன் உள்ளே எடுத்தார்கள். டொக்டர் முதுகில் குழாயை வைத்தார், விரலால் தட்டிப் பார்த்தார். வலப்பக்கம் அடியில் மட்டும் மரக்கட்டையைத் தட்டிய மாதிரி மொத்தென்று கேட்டது. எக்ஸ்ரே எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மூக்கடியில் ஒரு மெல்லிய குழாய் வைத்து ஒட்சிசன் விட்டார்கள். ஆறு மணித்தியாலத்துக்கு ஒருதரம் பெனிசிலின். கண்ணாடி ஊசியை ஒரு தட்டில் போட்டுக் கொதிக்கவைத்து எடுத்துவருவார்கள். அந்தத் தட்டு கிலுங்குகிற சத்தம் கேட்டாலே தம்பி அலறுவான். முதல் நாள் அலறவும் அவனுக்குப் பலம் இருக்கவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் தட்டு கிலுங்கியது. தம்பி வாயைத் திறந்து, அந்த வாட்டுக் கட்டில்களெல்லாம் திரும்பிப் பார்க்க ஒரு அலறல் அலறினான். அம்மா அப்போதுதான் முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதா. பயந்த நாளெல்லாம் வாய்விட்டு அழாதவ. ஊசி போடுகிற மிஸ்ஸி பதறிப்போய், ஏன் அழுகிறீங்க, பிள்ளை தேறுகிறான் என்றா. அதுக்குத்தான் என்றா அம்மா. மூன்றாம் நாள் குழி மறைந்தது. நாலாம் நாள் சோறு கேட்டான். ஊசி முடியுமட்டும் கொண்டுபோகக்கூடாது என்றார்கள். அம்மா ஒருநாள்கூடக் குறைக்கக் கேட்கவில்லை. நீங்களும் மாத்திரையை இரண்டு நாளில் நிறுத்திவிட்டு, சுகம்தானே என்று சொல்கிற ஆட்கள்தானே? எனக்குத் தெரியும். முழுதாகக் குடியுங்கள்.

பத்தாம் நாள் நாங்கள் திரும்பி வந்தபோது, எங்கள் வளவுக்கும் மாமா வளவுக்கும் நடுவில் இருந்த சின்னக் கடப்பைத் தென்னோலைக் கிடுகால் அடைத்திருந்தார்கள். மாமா தெருவில் கண்டால் மறுபக்கம் பார்த்துக்கொண்டு போனார். மாமிக்குப் பேச ஆசை, ஆனால் பயம். தம்பி அந்தக் கிடுகைப் பிடித்துக்கொண்டு மாமா, மாமா என்று கூப்பிடுவான். அம்மா வந்து அவனைத் தூக்கிக்கொண்டு போவா. பிள்ளையைப் பிழைக்கவைத்தவ, அண்ணனை இழந்தவ. இரண்டும் ஒரே முகத்தில் தெரியும்.

ஊரில் சின்னமுத்து இன்னும் ஓயவில்லை. ஒருநாள் பின்பக்கத்து வேலியடியில் ஒரு பெண் பிள்ளையோடு வந்து நின்றாள். அக்கா, இவன்ட நெஞ்ச ஒருக்காப் பாருங்களன் என்றாள். அம்மா பார்த்தா. எண்ணினா. குழி இல்லை, கஞ்சி கொடு, நாளைக்கும் கொண்டுவா என்றா. பிறகு இன்னொருத்தி. பகிரங்கமாக ஒருத்தியும் வரவில்லை, எல்லாரும் பின்வேலிதான். இரண்டு பிள்ளைகளை உடனே தோணியில் ஏற்றச் சொன்னா, ஏற்றினார்கள், இரண்டும் பிழைத்தன. அம்மா ஒரு பிள்ளைக்கும் மருந்து கொடுக்கவில்லை, வேப்பிலையை எடுக்கச் சொல்லவும் இல்லை. அம்மாளைக் கும்பிடுங்க, நெஞ்சையும் பாருங்க என்பதுதான் அவவின் உபதேசம். மாமாவுக்கு இதெல்லாம் தெரியுமா என்று அப்போது எனக்குத் தெரியாது.

வைகாசி வந்தது. கச்சான் காற்று புழுதியை அள்ளி வீசத் தொடங்கியது. கோவில் கதவு திறந்து வருசச் சடங்கு தொடங்கினால், கடைசியில் அம்மாளைக் குளிரவைக்கிற குளிர்த்தி முடியும்வரை கப்புகனார் கையில் காப்போடு கோவிலடியிலேயே கிடப்பார். வீட்டுக்கு வரமாட்டார், எல்லை தாண்டமாட்டார். அந்தச் சடங்கில் பொங்கலுக்கு நெல் குற்றுவது பெண்களின் உரிமை. எங்கள் கோவிலில் முதல் உலக்கை கப்புகனாரின் கூடப்பிறந்தவளுக்கு. அம்மா பத்து வருசமாகக் குற்றியவ. அந்த முறை அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கச்சி, எங்கள் சின்னம்மாவைக் குற்றச் சொல்லி மாமா ஆள் அனுப்பியிருந்தார். அம்மா சின்னம்மாவுக்குத் தன் வெள்ளைச் சேலையை எடுத்துக் கொடுத்துவிட்டு, குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டா.

நெல் குற்றுகிற நாள் காலை. கிடுகு அடைத்த அந்தச் சின்னக் கடப்பைப் பிய்த்துக்கொண்டு மாமி வந்தா. கையில் அவவுடைய கடைசிப் பிள்ளை, எனக்கு மச்சாள், மூன்று வயது. அம்மாள் வந்து ஏழாம் நாள். மாமி பிள்ளையின் சட்டையைத் தூக்கிக் காட்டினா. எனக்குத் தூரத்திலேயே தெரிந்தது. அம்மா பிள்ளையை வாங்கி, வெளிச்சத்தில் வைத்து எண்ணினா. ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம்.

வெளிக்கிடுங்க மச்சாள் என்று மாமியிடம் சொன்னா அம்மா. மாமி அழுதா. அவரிடம் கேட்காமல் எப்படி என்றா. அவர் காப்புக் கட்டியிருக்கிறார், வரவும் முடியாது. சடங்கு நடக்கிற நேரம் கப்புகனார் வீட்டுப் பிள்ளையே வாவி கடந்தால் சனம் என்ன சொல்லும்? அம்மா ஒரு கணம் யோசித்தா. என்னிடம் தம்பியைத் தூக்கித் தந்து, ஓடிப்போய் மாமாவிடம் சொல், நாங்கள் துறையடியில் நிற்கிறோம், அவர் சொல்லி அனுப்பட்டும் என்றா. தன் அண்ணன் தன் வாயால் சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பா. அல்லது மாமியின் மனதுக்காக இருக்கும். நான் கேட்டதில்லை.

கோவில் வெளிவீதி நிறையச் சனம். உடுக்குச் சத்தம். பெண்கள் உரல்களுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சேலையோடு நிற்கிறார்கள். எனக்கு மூச்சு வாங்கியது. எல்லாருக்கும் முன்னால், மாமாவுக்கு நேரே போய் நின்றேன்.

"மாமா, மச்சாளுக்கு நெஞ்சில குழி விழுகுது. அம்மா பார்த்திட்டா. தோணியில ஏத்துறதுக்கு மாமி உங்கட சொல்லுக்கு நிக்கிறா."

உடுக்கு நின்றது. மாமா தன் கையில் இருந்த காப்பைப் பார்த்தார். கோவில் வாசலைப் பார்த்தார். பிறகு குனிந்து, என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"எத்தின தரம் எண்ணினா?"

மூன்று தரம் என்றேன். பின்வேலி விசயமெல்லாம் அவருக்குத் தெரியும் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"உன்ட அம்மா எண்ணினாச் சரி. ஓடு புள்ள, நிக்க வேணாம் எண்டு சொல்லு."

தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு துறையடிக்கு நான் ஓடிய ஓட்டத்தை இன்றைக்கு நினைத்தாலும் முழங்கால் நோகிறது. அம்மா மச்சாளை நெஞ்சில் நிமிர்த்திச் சாய்த்துக்கொண்டு தோணியில் இருந்தா, பக்கத்தில் மாமி, பின்னால் கம்போடு அப்பா. நான் சொன்னதும் அம்மா கரையைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டா. மச்சாள் பிழைத்தாள். இப்போது பேரப்பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிறாள், என்னைவிடப் பலமாகச் சண்டை போடுகிறாள்.

தோணி போனபின் நான் கோவிலடிக்குத் திரும்பி வந்தேன். நெல் குற்ற நேரமாகிவிட்டது. சின்னம்மா உலக்கையைத் தொடத் தயங்கிக்கொண்டு நின்றா. அதைக் கண்ட ஒரு கிழவி, இரண்டு மாதமாக அம்மாவைப் பற்றி ஊர் முழுக்கக் கதைத்துத் திரிந்தவ, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, கப்புகனாரின் தங்கச்சிக்குக் கோவிலடிக்கு வர முகம் இல்லையாக்கும் என்றா. இரண்டு பேர் சிரித்தார்கள்.

மாமா வாசற்படியில் நின்று திரும்பினார். கோவிலில் அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அன்றைக்கும் போடவில்லை.

"அவ அம்மாள்ர வேலையாப் போயிரிக்கா," என்றார். "நீங்க நெல்லக் குத்துங்க."

சின்னம்மா உலக்கையை எடுத்தா. நான் தம்பியை இடுப்பில் இருந்து தூக்கித் தோளில் ஏற்றி வைத்துக்கொண்டேன், அவனை எல்லாரும் வடிவாகப் பார்க்கட்டும் என்று.